ஈயின் குரோமோசோமில் வடக்கும் தெற்கும்

பழ ஈயின் குரோமோசோமை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்துக்கொண்டு போனால், மரபு வேறுபாடுகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது தெரியும். நடுப்பகுதிகளில் ஈக்கு ஈ டிஎன்ஏ எழுத்துகள் மாறுகின்றன. குரோமோசோமின் கரங்கள் சேரும் இடமான சென்ட்ரோமியரை நெருங்கும்போதும் முனைகளை நெருங்கும்போதும் வேறுபாடு சுருங்குகிறது. ஓர் ஊரில் பிடித்த ஈக்கள் எல்லாம் அந்தப் பகுதிகளில் ஏறக்குறைய ஒரே எழுத்து வரிசையைச் சுமக்கின்றன. இந்த மேடுபள்ளத்தைச் செதுக்குவதில் பெரும்பங்கு இயற்கைத் தேர்வுக்கு உண்டு. ஒரு மரபணுவைத் தேர்வு தொட்டால் அதன் அக்கம்பக்கத்து டிஎன்ஏவும் அந்த ஆதாயத்தையோ சேதத்தையோ பங்கிட்டுக்கொள்கிறது. இந்த உண்மை இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாகத் தெளிவானது. அதற்கு வலுவான சான்று தந்த களங்களில் தெற்காசியாவும் அதன் அண்டையும் அடங்கும். ஹைதராபாத், இலங்கை, நேபாளம், மியான்மர் ஆகிய நான்கு இடங்களில் பிடித்த டிரோசோஃபிலா அனனாசே என்னும் பழ ஈ அந்தச் சான்றைத் தன் குரோமோசோமில் சுமந்து வந்தது.

கடைவீதியோடு வாழும் ஈ

டிரோசோஃபிலா அனனாசே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள, பழுப்பு மஞ்சள் உடலும் சிவந்த கண்ணும் கொண்ட ஈ. இந்தோனேசியாவின் அம்போன் தீவில் கிடைத்த ஈக்களை வைத்து டோலெஷால் 1858இல் இதற்கு இப்பெயரிட்டார். வெப்பமண்டலம் முழுவதும் மனிதர் குடியிருப்பை ஒட்டியே இது வாழ்கிறது. கனிந்து கசியும் வாழைப்பழம், வெடித்த சப்போட்டா, ஒதுக்கிப்போட்ட தக்காளி ஆகியவற்றில் வளரும் ஈஸ்ட்தான் இதன் உணவு. சென்னையை அடுத்த பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி போன்ற சமவெளிப் புறநகர்களின் பழக்கடைகள் இவ்வினத்துக்கு ஏற்ற வாழிடங்கள். 1996இல் கோயம்பேட்டில் மொத்தச் சந்தை தொடங்கியபின் பல மாநிலங்களின் பழமும் காயும் அதன் வழியாக இப்புறநகர்களுக்கு வந்து சேர்கின்றன. பழத்தோடு முட்டையும் புழுவும் ஊர்விட்டு ஊர் போகின்றன.

மாம்பழத்துக்குள் புழு வைத்துத் தோட்டக்காரருக்கு நட்டம் தரும் பழ ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. டிரோசோஃபிலா அனனாசே நல்ல பழத்தைத் துளைப்பதில்லை, அழுகத் தொடங்கியதைத்தான் நாடுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும் என்பதாலும், ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம் என்பதாலும் மரபியலார் இந்தப் பேரினத்தைத் தேர்ந்துகொண்டனர்.

இந்தியாவில் இவ்வினத்தை ஆராய்ந்தவர்கள் ஈ பிடிக்கக் காட்டுக்குப் போகவேண்டியிருக்கவில்லை. பழக்கடையிலும் காய்கறிக்கடையிலும் வலை வீசினார்கள். இதனால் இந்த ஆய்வின் வரலாறு இந்தியக் கடைவீதிகளோடு சேர்ந்தே நடந்திருக்கிறது.

மரபணுக்களுக்கு இடம் குறித்தவர்கள்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஈ அறையில், 1910இல் சிவந்த கண்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணுள்ள ஓர் ஆண் ஈ தென்பட்டது. அந்தப் பண்பு எக்ஸ் குரோமோசோமோடு சேர்ந்து மரபுவழி இறங்குவதை மார்கன் காட்டினார். அவருடைய மாணவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டெவன்ட் 1913இல் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஆறு மரபணுக்களை வரிசைப்படுத்தி முதல் மரபணு வரைபடத்தை வெளியிட்டார். மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது.

வரைபடத்துக்கு அடிப்படை குறுக்கேற்றம். முட்டை உருவாகும்போது தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமும் இணைந்து நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இரண்டு மரபணுக்கள் தொலைவில் இருந்தால் அவற்றுக்கிடையே குறுக்கேற்றம் அடிக்கடி நிகழும். அருகருகே இருந்தால் அவை பிரியாமல் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். குறுக்கேற்றத்தின் விளைவாகப் பழைய சேர்க்கைகள் கலைந்து புதியவை உருவாவதே மறுகூட்டிணைவு.

மறுகூட்டிணைவின் வேகம் குரோமோசோம் நெடுகிலும் சீராக இல்லை. சென்ட்ரோமியருக்கு அருகிலும் முனைகளிலும் அது மிகக் குறைவு, கரங்களின் நடுவில் அதிகம். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் இனத்தில் புள்ளி போன்ற நான்காம் குரோமோசோமில் வழக்கமாகக் குறுக்கேற்றமே நடப்பதில்லை. அவ்வினத்து ஆண் ஈக்களின் எந்தக் குரோமோசோமிலும் அது இல்லை. அனனாசே ஆண்களிடமோ சிறிதளவு குறுக்கேற்றம் நடப்பதை ஜப்பானின் மோரிவாகியும் கிக்காவாவும் 1937இல் அறிவித்தார்கள். அனனாசேயின் எக்ஸ் குரோமோசோமில் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அதன் சென்ட்ரோமியர் நடுவில் அமைந்திருப்பதால் இருபுறமும் இரண்டு கரங்கள் நீள்கின்றன. கண் நிறத்தோடு தொடர்புடைய வெர்மிலியன் மரபணு இவ்வினத்தில் சென்ட்ரோமியருக்கு அருகே, மறுகூட்டிணைவு அரிதான இடத்தில் இருக்கிறது. பின்னாளில் இந்த அமைப்பே ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது.

தலைகீழாகத் திரும்பிய துண்டுகள்

ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்கள் பிரியாமல் பலமுறை இரட்டிப்பதால் பருத்துப் பட்டை பட்டையாகத் தெரிகின்றன. இந்தப் பாலிடீன் குரோமோசோம்களின் பட்டைகளை மரபணு வரைபடத்தோடு பொருத்தலாம் என்று தியோஃபிலஸ் பெயின்டர் 1933இல் காட்டியபின், குரோமோசோமின் அமைப்பு நுண்ணோக்கியின் கீழே நேரடியாகப் படிக்கக் கிடைத்தது. அதில் முதலில் கண்ணில் பட்டவற்றுள் ஒன்று தலைகீழ் திருப்பம்: குரோமோசோமின் ஒரு துண்டு உடைந்து, எதிர்த்திசையில் திரும்பி, மீண்டும் ஒட்டிக்கொண்ட நிலை. நேரான துண்டும் திரும்பிய துண்டும் ஒரே ஈயில் சந்திக்கும்போது அவற்றுக்கிடையே குறுக்கேற்றத்தால் பயனுள்ள முட்டை உருவாவது அரிது. அத்துண்டுக்குள் இருக்கும் பல நூறு மரபணுக்கள் அதனால் ஒரே கட்டாகப் பரம்பரை பரம்பரையாகப் போகின்றன.

அமெரிக்காவில் தியடோசியஸ் டோப்ஷான்ஸ்கி 1930களிலிருந்து டிரோசோஃபிலா சூடோஅப்ஸ்குரா இனத்தில் இத்திருப்பங்களை ஊர் ஊராக, பருவம் பருவமாக எண்ணினார். மலையின் உயரத்தோடும் மாதத்தோடும் அவற்றின் விகிதம் ஒழுங்காக மாறியது. இயற்கைத் தேர்வை நடப்புக் காலத்திலேயே அளக்கலாம் என்பதை உலகம் அதிலிருந்து கற்றுக்கொண்டது.

இந்தியாவில் இந்த வேலைக்கு வித்திட்டவர் எஸ். பி. ராய் சௌத்ரி. எடின்பரோவில் எச். ஜே. முல்லரிடம் மரபியல் பயின்று திரும்பிய அவர், கல்கத்தாவிலும் பின்னர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் ஈக்குப்பிகளோடு ஒரு மாணவர் தலைமுறையை வளர்த்தார். அனனாசே இனத்தின் குரோமோசோம் திருப்பங்கள் பனாரஸில் 1960களில் ஆராயப்பட்டன. அந்த வழியில் வந்த பி. என். சிங் பல பத்தாண்டுகள் நாட்டின் கடைவீதிகளிலிருந்து ஈக்களைச் சேகரித்தார். உலகெங்கும் காணப்படும் மூன்று திருப்பங்கள் அவருடைய கணக்கெடுப்பின் மையம். இரண்டாம் குரோமோசோமின் இடக்கரத்தில் ஆல்ஃபா, மூன்றாம் குரோமோசோமின் இடக்கரத்தில் டெல்டா, அதே குரோமோசோமின் வலக்கரத்தில் ஈட்டா என்று அவை குறிக்கப்படுகின்றன. வடக்கே ஜம்முவிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை, மேற்கே துவாரகையிலிருந்து கிழக்கே திப்ரூகட் வரை 45 இடங்களின் ஈக்கள் இந்த ஆய்வில் இடம்பெற்றன.

கிடைத்த படம் ஒழுங்கானது. வடக்கிலிருந்து தெற்கே வரவரத் திரும்பிய துண்டுகளின் விகிதம் கூடுகிறது. அந்தமான் நிகோபார் தீவுகளிலும் தென்னிந்தியாவிலும் அது உயர்ந்திருக்கிறது. இப்படி ஒழுங்காக ஏறும் விகிதத்தைத் தற்செயலை மட்டும் கொண்டு விளக்குவது கடினம். தெற்கின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ற மரபணுச் சேர்க்கைகள் அந்தத் துண்டுகளுக்குள் கட்டப்பட்டுக் காக்கப்படுகின்றன என்ற விளக்கமே இதற்குப் பொருந்துகிறது. மைசூர்ப் பல்கலைக்கழகமும் டிரோசோஃபிலா வளர்ப்பு மையம் ஒன்றை நடத்தி, தென்னிந்தியாவின் ஈ இனங்களை ஆராய்ந்து பல மாணவர்களை உருவாக்கியது.

எழுத்தெழுத்தாகப் படித்த காலம்

1966இல் ரிச்சர்ட் லெவன்டினும் ஜான் ஹப்பியும் ஈயின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்துப் பார்த்தபோது, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான வேறுபாடு வெளிப்பட்டது. இத்தனை வேறுபாடுகளையும் தேர்வு ஒவ்வொன்றாகப் பேணிக்கொண்டிருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. ஜப்பானின் மோட்டூ கிமுரா 1968இல் அதற்கு ஒரு விடை சொன்னார்: மூலக்கூறு நிலையிலான மாற்றங்களில் பெரும்பாலானவை உயிருக்கு நன்மையும் தீமையும் செய்யாதவை, அவை தற்செயலாகவே பெருகுகின்றன அல்லது மறைகின்றன. இந்த நடுநிலைக் கோட்பாட்டின்படி ஒரு பகுதியில் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை அப்பகுதியின் சடுதிமாற்ற வேகமும் இனத்தின் தொகை அளவும் சேர்ந்து தீர்மானிக்கவேண்டும்.

இந்த விவாதத்துக்கு நடுவே வந்தது 1974ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று. எழுதியவர்கள் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜான் ஹேயும். மேனார்ட் ஸ்மித்தின் ஆசிரியர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரில் மறைந்த அதே ஹால்டேன்தான் அவர். இயற்கைத் தேர்வைக் கணிதத்தில் எழுதிக்காட்டிய மூவரில் ஒருவர். மாணவர் அந்தக் கணிதத்தை அண்டை மரபணுக்களுக்கு நீட்டினார்.

கட்டுரையின் கருத்து இது. பயன்தரும் புதிய சடுதிமாற்றம் ஒன்று ஒரே ஒரு குரோமோசோமில் தோன்றுகிறது. அதைச் சுமக்கும் ஈக்கள் அதிகச் சந்ததிகளை விடுவதால் சில நூறு தலைமுறைகளில் அது இனம் முழுவதும் பரவிவிடுகிறது. அது தோன்றிய குரோமோசோமில் பக்கத்தில் இருந்த எழுத்துகளும் இன்ஜினோடு பூட்டிய பெட்டிகளைப் போல அதோடு ஓடி இனம் முழுவதும் பரவுகின்றன. அந்த இடத்தில் இருந்த பிற வடிவங்கள் எல்லாம் அழிந்துபோகின்றன. மறுகூட்டிணைவு நடக்கும் பகுதியில் பூட்டு கழன்று அண்டை எழுத்துகள் தப்பிக்கொள்ளும். அது நடக்காத பகுதியில் நெடுந்தொலைவு வரை வேறுபாடு துடைக்கப்பட்டுவிடும். இதற்கு உடன்பயண விளைவு என்று பெயர்.

இதைச் சோதிக்க டிஎன்ஏவைப் படிக்கும் திறமை தேவைப்பட்டது. மார்ட்டின் கிரைட்மன் 1983இல் மெலனோகாஸ்டரின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் மரபணுவை 11 ஈ வரிசைகளிலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்து 43 இடங்களில் வேறுபாடு கண்டார். அவற்றில் ஒன்று மட்டுமே புரதத்தின் அமினோ அமிலத்தை மாற்றியது. ஒரே இனத்தின் உறுப்பினர்களை டிஎன்ஏ வரிசையால் ஒப்பிடும் முறை இதிலிருந்து தொடங்கியது.

வேறுபாடு வற்றிய இடங்கள்

1989இல் இரண்டு கட்டுரைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லின. மெலனோகாஸ்டரின் எக்ஸ் குரோமோசோம் முனையில் அகுவாதே, மியாஷிதா, லாங்லி மூவரும் வேறுபாடு குறைந்திருப்பதைக் கண்டனர். அனனாசேயின் எக்ஸ் குரோமோசோம் சென்ட்ரோமியருக்கு அருகில் வொல்ஃப்காங் ஸ்டீஃபனும் சார்லஸ் லாங்லியும் அதையே கண்டனர். மறுகூட்டிணைவு அரிதான இரண்டு வெவ்வேறு இடங்கள், இரண்டு வெவ்வேறு இனங்கள், ஒரே விளைவு. 1991இல் மெலனோகாஸ்டரின் நான்காம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவைப் பெர்ரி, அஜியோகா, கிரைட்மன் பார்த்தபோது ஒரு வேறுபாடும் தென்படவில்லை.

1992இல் டேவிட் பெகனும் சார்லஸ் அக்குவாட்ரோவும் மெலனோகாஸ்டரின் 20 மரபணுப் பகுதிகளைச் சேர்த்து வைத்துப் பொதுவிதி ஒன்றை நிறுவினர். மறுகூட்டிணைவு கூடிய இடத்தில் வேறுபாடு கூடுகிறது, குறைந்த இடத்தில் குறைகிறது. சடுதிமாற்றமே அங்கே குறைவாக நடக்கிறதோ என்ற ஐயத்தையும் அவர்கள் தீர்த்தனர். சடுதிமாற்ற வேகம்தான் காரணம் என்றால் மெலனோகாஸ்டருக்கும் அதன் உறவினமான சிமுலன்ஸுக்கும் உள்ள இடைவெளியும் அப்பகுதிகளில் சுருங்கியிருக்க வேண்டும். இனங்களுக்கு இடையிலான இடைவெளி சுருங்கவில்லை. இனத்துக்குள்ளான வேறுபாடு மட்டுமே சுருங்கியிருந்தது. ஆகவே சடுதிமாற்றங்கள் வழக்கம்போலவே தோன்றின, தோன்றியவற்றை ஏதோ ஒன்று துடைத்துக்கொண்டே இருந்தது.

துடைத்தது எது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஒன்று, பயன்தரும் மாற்றங்கள் பரவும்போது நடக்கும் உடன்பயணம். மற்றொன்றை 1993இல் பிரையன் சார்ல்ஸ்வொர்த், மார்கன் (ஈ அறை மார்கன் அல்லர்), டெபோரா சார்ல்ஸ்வொர்த் ஆகியோர் முன்வைத்தனர். உயிர்களில் தோன்றும் சடுதிமாற்றங்களில் தீமை செய்பவை ஏராளம். அவற்றைச் சுமக்கும் குரோமோசோம்கள் சந்ததியின்றி நீக்கப்படும்போது, பக்கத்தில் இருந்த நடுநிலை வேறுபாடுகளும் சேர்ந்து நீங்குகின்றன. மறுகூட்டிணைவு இல்லாத இடத்தில் இந்த இழப்பு பெரிது. இதற்குப் பின்னணித் தேர்வு என்று பெயர். ஓயாமல் களை பறிக்கும் தேர்வு இது. முந்தையது எப்போதாவது வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போகும் தேர்வு. குறைந்த வேறுபாட்டை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலவில்லை.

நான்கு ஊர் ஈக்கள் தந்த தீர்ப்பு

பிரித்தறியும் வழியை அனனாசே காட்டியது. மெலனோகாஸ்டர் உலகெங்கும் பெரும்பாலும் தடையின்றிக் கலந்து பரவிய இனம். அனனாசேயின் கூட்டங்களோ ஊருக்கு ஊர் ஓரளவு பிரிந்தே வாழ்கின்றன. ஆகவே ஒரு கூட்டத்துக்குள் எவ்வளவு வேறுபாடு என்பதோடு, கூட்டங்களுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்பதையும் அதில் அளக்க முடிந்தது. ஸ்டீஃபனும் மிட்செலும் 1992லேயே மியான்மர் ஈக்களும் இந்திய ஈக்களும் சென்ட்ரோமியர் பகுதியில் உள்ளுக்குள் ஒன்றுபட்டும், ஒன்றுக்கொன்று நிலையாக வேறுபட்டும் இருப்பதைக் கண்டிருந்தனர்.

1998இல் ஸ்டீஃபனும் உடனாய்வாளர்களும் நான்கு கூட்டங்களை எடுத்துக்கொண்டனர். தெற்கிலிருந்து ஹைதராபாத், இலங்கை. வடக்கிலிருந்து நேபாளம், மியான்மர். எக்ஸ் குரோமோசோமில் மறுகூட்டிணைவு வழக்கமான அளவில் நடக்கும் இடத்திலிருந்து ஒரு மரபணு, அது அரிதான இடத்திலிருந்து வெர்மிலியன் மரபணு என்று இரண்டை ஒப்பிட்டனர். நான்கு கூட்டங்களிலும் வெர்மிலியனில் வேறுபாடு மற்றதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைந்திருந்தது. சகோதர இனமான பாலிடோசாவிலிருந்து இரண்டு மரபணுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விலகியிருந்தன. 2000இல் சென், மார்ஷ், ஸ்டீஃபன் மூவரும் மறுகூட்டிணைவு மிகக் குறைந்த ஃபரோட் மரபணுப் பகுதியை, 5,700 எழுத்து நீளத்துக்கு, அதே நான்கு கூட்டங்களில் படித்தனர்.

முடிவு தெளிவாக இருந்தது. மறுகூட்டிணைவு வழக்கமாக நடக்கும் மரபணுவில், ஊர்களுக்கு இடையே தொலைவு கூடக்கூட வேறுபாடும் சீராகக் கூடியது. இது யாரும் எதிர்பார்ப்பதே. ஃபரோட் பகுதியில் படம் அடியோடு மாறியது. நேபாளமும் மியான்மரும் ஒன்றுபோல இருந்தன. பல நூறு கிலோமீட்டர் நிலமும் கடலும் நடுவே கிடந்தும் ஹைதராபாத்தும் இலங்கையும் ஒன்றுபோல இருந்தன. வடக்குத் தொகுதிக்கும் தெற்குத் தொகுதிக்கும் இடையிலோ பெரிய பிளவு.

பின்னணித் தேர்வு மட்டும் செயல்பட்டிருந்தால் இந்தப் படம் வராது. அது ஒவ்வொரு கூட்டத்திலும் தனித்தனியே வேறுபாட்டைக் குறைக்கிறது. குறைந்த இடத்தில் தற்செயலின் பிடி இறுகுவதால் அண்டைக் கூட்டங்கள்கூட ஒன்றிலிருந்து ஒன்று மேலும் விலகியிருக்கவேண்டும். தொலைவிலுள்ள ஊர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர அதனால் முடியாது. தெற்கில் ஒரு நன்மை தரும் வடிவமும் வடக்கில் வேறொரு நன்மை தரும் வடிவமும் தனித்தனியே பரவி, தத்தம் எல்லைவரை எல்லாக் கூட்டங்களையும் சமப்படுத்தின என்றால் மட்டுமே இந்தப் பிளவும் இந்த ஒற்றுமையும் சேர்ந்து விளங்கும். குரோமோசோமின் அந்தத் துண்டில் தெற்காசியாவின் தட்பவெப்ப எல்லை எழுதப்பட்டிருந்தது. ஹைதராபாத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கும் தொண்டை மண்டலச் சமவெளி, சென்னையின் மேற்குப் புறநகர்களோடு சேர்த்து, இந்தத் தெற்குப் பகுதிக்குள் விழுகிறது.

2004இல் பெய்ன்ஸ், தாஸ், மூசே, ஸ்டீஃபன் ஆகியோர் இதை உலக அளவில் விரித்தனர். இனத்தின் பரப்பு ஏறக்குறைய முழுவதையும் தழுவிய 13 கூட்டங்களில் ஃபரோட் பகுதியையும், மறுகூட்டிணைவு நன்றாக நடக்கும் 10 துண்டுகளையும் ஒப்பிட்டனர். ஃபரோட்டில் இரண்டே முக்கிய வடிவங்கள். ஒன்று வடக்குக் கூட்டங்களை முழுவதும் பிடித்திருந்தது, மற்றது தெற்கில் முழுவதுமாகவோ பெரும்பான்மையாகவோ இருந்தது. அட்சரேகையோடு அவற்றின் விகிதம் படிப்படியாக மாறுவது வெவ்வேறு நெடுக்கைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. மற்ற 10 துண்டுகளில் இந்த ஒழுங்கு இல்லை.

ஈ வந்த வழி

தேர்வின் தடத்தைப் படிக்கவேண்டுமானால் இனத்தின் இடப்பெயர்ச்சி வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். புது ஊருக்கு ஒரு சில ஈக்களே போய்க் குடியேறினாலும் வேறுபாடு குறையும். அதைத் தேர்வின் வேலை என்று தவறாக எண்ணிவிடக்கூடும். அப்படிப்பட்ட குறைவு எல்லாக் குரோமோசோம் பகுதிகளையும் ஒருசேரத் தாக்கும், தேர்வின் தடமோ குறிப்பிட்ட இடங்களில் மட்டும் விழும். இந்த வேறுபாட்டைக் கொண்டே இரண்டையும் பிரிக்கிறார்கள்.

தாஸ், மொகந்தி, ஸ்டீஃபன் 2004இல் 16 கூட்டங்களை நடுநிலைத் துண்டுகளால் ஒப்பிட்டு, அனனாசேயின் தாயகம் தென்கிழக்காசியா என்று காட்டினர். ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில் கடல் தாழ்ந்திருந்தபோது, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, மலாய் தீபகற்பம் எல்லாம் சுண்டாலாந்து என்னும் ஒரே நிலமாக இருந்தன. மூதாதைக் கூட்டங்கள் இன்றும் அந்தப் பரப்பில் வாழ்கின்றன. அங்கிருந்து மனிதரின் போக்குவரத்தோடும் விளைபொருளோடும் இவ்வினம் ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எங்கும் பரவியது. 2007இல் முழு மரபணுத் தொகுதி ஒப்பிடப்பட்ட 12 டிரோசோஃபிலா இனங்களில் அனனாசேயும் ஒன்று.

நஞ்சும் தேர்வும்

வடக்கு தெற்கு வடிவங்கள் பரவியது நெடுங்காலத்துக்கு முந்தைய செய்தி. மனிதர் தெளித்த மருந்தால் சில பத்தாண்டுகளுக்குள் உருவான தடங்களும் உண்டு. மெலனோகாஸ்டரில் சிஒய்பி6ஜி1 என்னும் மரபணுவின் முன்பகுதியில் அக்கார்டு என்ற தாவும் டிஎன்ஏ துண்டு செருகிக்கொண்டதால் அந்த மரபணு மிகையாகச் செயல்பட்டு டிடிடியைத் தாங்கும் ஆற்றலைத் தருகிறது என்று டேபார்னும் உடனாய்வாளர்களும் 2002இல் காட்டினர். இந்த வடிவம் கண்டங்கள் தாண்டிப் பரவியிருந்தது. அதன் இருபுறமும் வேறுபாடு வற்றியிருந்தது. உறவினமான சிமுலன்ஸின் கலிஃபோர்னியா ஈக்களில் வேறொரு தாவும் துண்டு இதே மரபணுவை ஒட்டிச் செருகி, ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்து நீளத்துக்கு வேறுபாட்டைத் துடைத்திருந்ததை ஷ்லெங்கியும் பெகனும் 2004இல் கண்டனர். இரண்டு இனங்கள் தனித்தனியே ஒரே தீர்வை அடைந்திருந்தன. பயிர்க்காப்பும் கொசு ஒழிப்பும் பூச்சிகளின் குரோமோசோமில் என்ன செய்கின்றன என்பதை அளவிட இது அடித்தளம் போட்டது.

சென்னையின் கொசுவுக்கு வந்த முறை

பழ ஈக்களில் கற்ற வாசிப்பு இப்போது நோய் பரப்பும் கொசுக்களில் பயன்படுகிறது. சென்னையின் மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்ஸி. கிணறு, சம்ப்பு, மொட்டைமாடித் தொட்டி, கட்டுமான இடங்களில் தேக்கிய நீர் ஆகியவற்றில் இது முட்டையிடுகிறது. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலம் இந்நகரத்திலிருந்தே பதிவாகி வந்தது. 1971இல் தொடங்கிய நகர்ப்புற மலேரியாத் திட்டம் இக்கொசுவின் புழுக்களைக் குறிவைத்தது.

மேற்குப் புறநகருக்கு இந்த ஆய்வில் நேரடிப் பங்குண்டு. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999இல் இது உருவானது. தேசிய மலேரியா ஆய்வு நிறுவனத்தின் சென்னைக் களப்பிரிவு இதே வளாகத்தில் இருந்து நகரின் ஸ்டீஃபென்ஸிக் கொசுக்களை ஆராய்ந்துவந்தது.

ஸ்டீஃபென்ஸியில் வகைகள் உண்டு என்பதை அதன் முட்டையே காட்டிக்கொடுத்தது. ஸ்வீட்டும் ராவும் 1937இல் முட்டையின் மிதவை வரிப்புகளை எண்ணி மைசூரென்ஸிஸ் என்னும் வகையைப் பிரித்தனர். பின்னர் இடைப்பட்ட வகையொன்றும் சேர்க்கப்பட்டது. நகரத்தில் மலேரியாவைப் பரப்புவது வரிப்புகள் மிகுந்த மூல வகை. மைசூரென்ஸிஸ் பெரும்பாலும் கிராமப்புறத்தில் கால்நடைகளைக் கடித்து வாழ்கிறது.

குரோமோசோமிலும் அதற்கொரு தடம் இருந்தது. இக்கொசுவின் இரண்டாம் குரோமோசோம் வலக்கரத்தில் 2ஆர்பி எனப்படும் பெரிய தலைகீழ் திருப்பம் இருப்பது பாலிடீன் குரோமோசோம்களில் முன்பே தெரிந்திருந்தது. சூழல் மாறும் இடங்களுக்குப் பொருந்திக்கொள்வதோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. 2016இல் சென்னையின் ஒரு கட்டுமான இடத்தில் பிடித்த கொசுக்களிலிருந்து வளர்க்கப்பட்ட வரிசையின் முழு மரபணுத் தொகுதியைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டனர். இந்தச் சென்னைக் கொசுவின் இரண்டாம் குரோமோசோமின் இரு படிகளும் திரும்பாத வடிவத்தைச் சுமந்தன. முன்பே படிக்கப்பட்ட வேறு இரண்டு வரிசைகளில் ஒன்று திரும்பிய வடிவத்தையும் மற்றது இரண்டையும் கலந்தும் கொண்டிருந்தன. மூன்றையும் அடுக்கிப் பார்த்ததும் திருப்பத்தின் உடைவு இடங்கள் எழுத்து அளவில் தெரிந்தன. அது 1 கோடியே 65 லட்சம் எழுத்து நீளமுள்ளது; அதை அடையாளம் காண 22,650 ஒற்றை எழுத்துக் குறிகள் கிடைத்தன. பல இடங்களைச் சேர்ந்த 82 கொசுக்களில் மூன்றில் ஒரு பங்கு இரு வடிவங்களையும் கலந்து சுமந்தன. பனாரஸ் ஆய்வாளர்கள் கடைவீதி ஈக்களில் ஆல்ஃபா, டெல்டா, ஈட்டா என்று எண்ணியதையே இன்று கொசுவில் டிஎன்ஏ எழுத்துகளால் எண்ண முடிகிறது.

இந்த எண்ணிக்கைக்கு அவசரம் உண்டு. ஸ்டீஃபென்ஸி 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. மலேரியா ஒழிந்த நாடாக இலங்கை 2016 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட சில மாதங்களிலேயே மன்னாரில் தென்பட்டது. நகரங்களுக்கு ஏற்ற கொசு நகரங்களோடு பரவுகிறது. எந்தக் குரோமோசோம் துண்டு அதற்கு அந்த ஆற்றலைத் தருகிறது, எந்த மருந்தைத் தாங்கும் வடிவம் எங்கே பெருகுகிறது என்பதை, வேறுபாடு வற்றிய இடங்களைத் தேடிக் கண்டறியலாம்.

இன்றைய நிலை

2000இல் மெலனோகாஸ்டரின் மரபணுத் தொகுதி வெளியானது. 2012 முதல் அமெரிக்காவின் ராலே நகரில் சேகரித்த ஈக்களிலிருந்து உருவாக்கிய வரிசைகளின் முழுத் தொகுதிகள் எல்லா ஆய்வாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. ஒரு மரபணுவை வைத்து நடந்த ஒப்பீடு குரோமோசோம் முழுவதற்கும் விரிந்தது. ஜோசெப் கொமெரோன் 2014இல் வெளியிட்ட வரைபடம், குரோமோசோம் நெடுகிலுமுள்ள பெரிய மேடுபள்ளங்களில் பெரும்பகுதியைப் பின்னணித் தேர்வே விளக்கிவிடும் என்று காட்டியது. 2016இல் எல்யாஷிவும் உடனாய்வாளர்களும் இரண்டு வகைத் தேர்வையும் ஒரே கணக்கில் சேர்த்து, இரண்டின் தடமும் சேர்ந்தே இருப்பதை அறிவித்தனர்.

இரண்டு விளக்கங்களும் இன்று ஒன்றை ஒன்று விலக்குவதில்லை. தீமை தரும் மாற்றங்களை நீக்கும் தேர்வு எல்லா இனத்திலும், எல்லாத் தலைமுறையிலும், குரோமோசோம் முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. அதன் அளவை முதலில் கணக்கிட்டு ஒதுக்கியபின் மிஞ்சும் பள்ளங்களில்தான் பயன்தரும் மாற்றங்களின் வரலாறு கிடைக்கிறது. ஹைதராபாத், இலங்கை ஈக்களின் ஒற்றுமை அப்படி மிஞ்சியவற்றில் ஒன்று. ஒரே குரோமோசோமில் மறுகூட்டிணைவு நடக்கும் இடத்தையும் நடக்காத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல ஊர்களில் ஒப்பிடு என்பதே அந்த ஆய்வுகள் தந்த முறை. பழ ஈயில் உருவான இந்த முறை கொசு, பயிர்ப்பூச்சி, கால்நடை, மனிதர் என்று எந்த உயிரின் மரபணுத் தொகுதியைப் படிப்பவருக்கும் இன்று பொதுக் கருவியாகிவிட்டது.